வாய்க்குள் கொழுப்புக் கட்டி: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

வாய், முக, தாடை அறுவை சிகிச்சைப் பிரிவுக்குக் கொழுப்புக் கட்டியோடு வருகிறவர்கள் குறைவுதான். ஆனால் வருகிறவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவற்றை அவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். இதைப் படித்துவிட்டு உங்கள் வாயில் இருப்பது இன்னதுதான் என்று நீங்களே முடிவு கட்ட முடியாது. அதற்கு ஒருவர் பார்த்து, தொட்டு, தேவைப்பட்டால் சோதித்துச் சொல்ல வேண்டும். அவரிடம் என்ன கேட்பது, எதைக் கேட்காமல் விடக்கூடாது என்பது மட்டும் தெரிந்துவிடும்.

வாய்க்குள்ளகூடக் கொழுப்புக் கட்டி வருமா? முதுகுல, கைலதானே வரும்?

வரும். லைப்போமா என்று மருத்துவர்கள் சொல்வது முதிர்ந்த கொழுப்புச் செல்கள் ஓரிடத்தில் சேர்ந்து வளரும் தீங்கற்ற கட்டி. முதுகு, தோள், கழுத்து, வயிறு ஆகிய இடங்களில் சாதாரணமாகப் பார்க்கலாம். வாயில் குறைவு. வாயில் வரும் தீங்கற்ற கட்டிகளில் இவை 1 முதல் 4 சதவீதம் வரைதான் என்று பாடநூல்கள் சொல்கின்றன. ஆனால் புதிய நோயும் இல்லை. 1848-லேயே ரூ என்ற மருத்துவர் ஈறுப் பகுதியில் வந்த இப்படியொரு கட்டியை 'மஞ்சள் எப்யூலிஸ்' என்று எழுதி வைத்திருக்கிறார்.

அதிகம் வருவது கன்னத்தின் உட்புறத்தில். அடுத்து நாக்கு, நாக்குக்கு அடியில் உள்ள வாயின் தளம், உதடு, உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் இருக்கும் பள்ளம். அண்ணத்திலும் ஈறிலும் அபூர்வம். பெரும்பாலும் 40 வயதைத் தாண்டியவர்களுக்கே வருகிறது.

பார்க்க எப்படி இருக்கும்? கண்ணாடியில பார்த்து நானே கண்டுபிடிக்கலாமா?

சந்தேகப்படலாம், அவ்வளவுதான். மேலோட்டமாக இருக்கும் கட்டி லேசான மஞ்சள் நிறத்தில், வழவழப்பாக, மெத்தென்று இருக்கும். மேல்தோல் மெலிந்திருப்பதால் மெல்லிய ரத்தக்குழாய்கள் கோடுகோடாகத் தெரியலாம். விரலை வைத்து ஓரத்தில் அழுத்தினால் நழுவி அடுத்த பக்கம் போகும். சில கட்டிகள் ஒரு காம்பில் தொங்குவதுபோல் இருக்கும். வலி இருக்காது. பெரும்பாலும் 3 சென்டிமீட்டருக்குள்தான் இருக்கும். பல ஆண்டுகள் கவனிக்காமல் விட்டால் அதற்கு மேலும் வளரலாம்.

ஆழத்தில் இருப்பது வேறு மாதிரி. மேலே தசையோ தடித்த சவ்வோ மூடியிருந்தால் மஞ்சள் நிறமே தெரியாது; வாயின் மற்ற இடம்போலவே இளஞ்சிவப்பாக, வெறும் வீக்கமாக இருக்கும். அதனால் மஞ்சளாக இல்லை என்பதை வைத்து லைப்போமா இல்லை என்று சொல்லிவிட முடியாது.

வலியே இல்லை. வருஷக்கணக்கா அப்படியேதான் இருக்கு. அப்புறம் எதுக்கு டாக்டர்கிட்ட போகணும்?

வலி இல்லாததுதான் இதில் இருக்கும் சிக்கல். வாய்ப் புற்றுநோயும் தொடக்கத்தில் பெரும்பாலும் வலிக்காது. ஆகவே வலி இல்லை என்பது எந்த உத்தரவாதமும் தராது. வாயில் இரண்டு, மூன்று வாரங்களுக்கு மேல் மாறாமல் நிற்கும் கட்டியோ புண்ணோ தடிப்போ எதுவாக இருந்தாலும் ஒருமுறை காட்டியாக வேண்டும். காட்டிய பிறகு, 'சரி, இதை இப்போது எடுக்க வேண்டாம்' என்ற பதில்கூட வரலாம். அந்த முடிவைப் பரிசோதித்த ஒருவர் எடுக்கட்டும்.

இது கேன்சரா? இல்லைன்னா பின்னாடி கேன்சரா மாறிடுமா?

லைப்போமா புற்றுநோய் இல்லை. அது புற்றுநோயாக மாறுவதும் மிக மிக அரிது. கொழுப்புத் திசுவில் வரும் புற்றுநோய்க்கு லைப்போசார்கோமா என்று பெயர். பெரும்பாலும் அது தொடக்கத்திலிருந்தே அப்படித்தான் உருவாகிறது. ஏற்கெனவே இருந்த லைப்போமா கெட்டுப்போய் வருவதில்லை.

இதில் ஒரு நெருடல் இருக்கிறது. நன்கு முதிர்ந்த வகை லைப்போசார்கோமா (நோய் முற்றியது என்று பொருளில்லை, அதன் செல்கள் முதிர்ந்த கொழுப்புச் செல்களை ஒத்திருக்கும் என்று பொருள்) வெளியிலிருந்து பார்த்தால் சாதாரணக் கொழுப்புக் கட்டியைப் போலவே இருக்கும். மெத்தென்றும் இருக்கும், மெதுவாகவும் வளரும். இரண்டையும் பிரித்துக் காட்டுவது நுண்ணோக்கிதான். எடுத்த கட்டியை ஆய்வுக்கு அனுப்புவது பற்றிய கேள்வி பின்னால் வருகிறது. எல்லாவற்றையும் படிக்க நேரமில்லை என்றால் அதை மட்டுமாவது படியுங்கள்.

கொழுப்பு அதிகமாச் சாப்பிட்டதாலயா வந்துச்சு? உடம்பைக் குறைச்சா கரைஞ்சிடுமா?

இரண்டுக்கும் இல்லை என்பதே பதில். ஒல்லியானவர்களுக்கும் வருகிறது. உடம்பில் இருக்கும் மற்ற கொழுப்பு பட்டினி கிடந்தால் கரையும். லைப்போமாவில் இருக்கும் கொழுப்பை உடம்பு அப்படி எடுத்துச் செலவழிப்பதில்லை. எடை குறையும்போது சுற்றியுள்ள கொழுப்பு வடிந்து, கட்டி முன்பைவிடத் துருத்திக்கொண்டு தெரிவதுகூட உண்டு. எடையைக் குறைப்பது வேறு காரணங்களுக்காக நல்லது. இந்தக் கட்டிக்காகப் பட்டினி கிடக்க வேண்டாம்.

கன்னத்தை அடிக்கடி கடிச்சுக்குவேன். அதனாலதான் வந்ததா?

அடிபட்ட இடத்தில் லைப்போமா வந்ததாகப் பதிவுகள் இருக்கின்றன, ஆனால் காயம்தான் காரணம் என்று உறுதிப்படவில்லை. பல லைப்போமாக்களின் செல்களில் 12-ஆம் குரோமோசோமில் மாற்றம் காணப்படுகிறது, ஹெச்.எம்.ஜி.ஏ.2 என்ற மரபணு அங்கேதான் இருக்கிறது. இது கட்டியின் செல்களில் மட்டும் நடக்கும் மாற்றம் என்பதால், உங்களுக்கு வந்தால் பிள்ளைகளுக்கும் வரும் என்று அர்த்தமில்லை.

அடிக்கடி கடிபடும் இடத்தில் இன்னொரு கட்டி நிஜமாகவே வரும்: ஃபைப்ரோமா என்ற நார்த்திசுக் கட்டி. அடுத்த பதிலில் அதைப் பார்க்கலாம்.

மெத்துன்னு இருந்தா கொழுப்புக் கட்டிதானே? வேற என்னவா இருக்க முடியும்?

நிறைய இருக்கிறது. இடத்தை வைத்துச் சொல்வது சுலபம். கீழ் உதட்டின் உட்புறம் மெத்தென்று, சற்று நீலமாக, சில நாள் பெரிதாகி உடைந்து மறுபடி வருகிறது என்றால் அது மியூக்கோசீல். சிறு உமிழ்நீர்ச் சுரப்பியின் குழாய் கிழிந்து உமிழ்நீர் தேங்குவது. அதுவே நாக்குக்கு அடியில் பெரிதாக வந்தால் ரானுலா. வாயின் தளத்தில் நட்டநடுவே பிசைந்த மாவுபோல் அமுங்கினால் டெர்மாய்டு நீர்க்கட்டியை நினைக்க வேண்டும். நாக்கின் ஓரத்திலோ வாயின் தளத்திலோ 1 சென்டிமீட்டருக்கும் குறைவாக மஞ்சளாகத் தெரியும் ஒரு நிணநீர்த் திசு நீர்க்கட்டியும் உண்டு. சின்ன லைப்போமாவோடு அது எளிதில் குழப்பும். சாப்பிடும் நேரத்தில் மட்டும் வீங்கி வலித்தால் உமிழ்நீர்க் குழாயில் கல் இருக்கலாம்.

கன்னத்தில் மேல்வரிசையும் கீழ்வரிசையும் சந்திக்கும் கோட்டில் கெட்டியாக, இளஞ்சிவப்பாக இருப்பது பெரும்பாலும் ஃபைப்ரோமா. கன்னத்திலும் உதட்டிலும் கடுகளவுக்கும் சின்னதாக மஞ்சள் புள்ளிகள் பரவியிருந்தால் அவை ஃபோர்டைஸ் புள்ளிகள். இடம் மாறி வந்த எண்ணெய்ச் சுரப்பிகள்தான் அவை, சிகிச்சையே தேவையில்லை.

என்னைக் கவலைப்பட வைப்பது உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டிகள். அண்ணத்தில் வரும் மெதுவாக வளரும், வலிக்காத கட்டியை யாராவது 'கொழுப்புதான்' என்று சொன்னால் எனக்கு நம்பிக்கை வராது. லைப்போமா அங்கே அபூர்வம் என்று முதல் பதிலிலேயே சொன்னேன். சிறு உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டிகள் அங்கே அபூர்வம் இல்லை, அவற்றில் புற்றுநோய் வகைகளும் உண்டு.

டாக்டர் விரலால அமுக்கிப் பார்த்தே சொல்லிட்டார். அது போதுமா?

சிறிய, மேலோட்டமான, மஞ்சளாகத் தெரியும் கட்டிக்குத் தொட்டுப் பார்ப்பதே பெரும் பகுதி வேலையை முடித்துவிடும். ஒரு விரலை வாய்க்குள்ளும் இன்னொன்றை வெளியே கன்னத்திலும் வைத்துப் பிடித்துப் பார்ப்பார்கள். கட்டி எவ்வளவு ஆழம், தசையோடு ஒட்டியிருக்கிறதா, தனியாக நகர்கிறதா என்பது இப்படித் தெரியும். கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா என்றும் தடவிப் பார்க்க வேண்டும்.

விரலும் ஏமாறும். லைப்போமா மென்மையாக இருப்பதால் உள்ளே திரவம் இருப்பதுபோன்ற உணர்வைத் தரும். அதை நீர்க்கட்டி என்று நினைத்து வெட்டப் போய், உள்ளே கொழுப்பு இருப்பது தெரியவரும் சம்பவங்கள் உண்டு. நேர்மாறாகவும் நடக்கும். எனவே விரல் சொல்வதை ஒரு முதல் கணிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்கேன் கட்டாயம் எடுக்கணுமா? எது எடுக்கணும்?

உதட்டில் 8 மில்லிமீட்டரில் ஒரு மஞ்சள் கட்டி, நன்றாக நகர்கிறது என்றால் ஸ்கேன் வேண்டியதில்லை; நேராக எடுத்து ஆய்வுக்கு அனுப்பலாம். கட்டி பெரிதாக இருந்தாலோ, ஆழத்தில் இருந்தாலோ, வாயின் தளத்திலோ நாக்குக்குள்ளோ இருந்தாலோ, எல்லை கைக்குப் பிடிபடாவிட்டாலோ ஸ்கேன் வேண்டும்.

முதலில் அல்ட்ராசவுண்ட். கதிர்வீச்சு இல்லை, உள்ளே இருப்பது திரவமா திடமா என்பதை உடனே பிரித்துவிடும். சி.டி. ஸ்கேனில் கொழுப்பு தனியாகத் தெரியும், ஏனென்றால் அதன் அடர்த்தி எண் மைனஸில் வரும்: பொதுவாக மைனஸ் 50-க்கும் மைனஸ் 150-க்கும் நடுவில். தண்ணீர் பூஜ்யம் என்பதால் குழப்பத்துக்கு இடமில்லை. ஆனால் பல்லில் உலோகத் தொப்பியோ பழைய உலோக அடைப்போ இருந்தால் படம் முழுக்கக் கோடு விழுந்து கெட்டுவிடும்.

மென்திசுவுக்குச் சிறந்தது எம்.ஆர்.ஐ. அதில் கொழுப்பு ஒரு வகைப் படத்தில் பளிச்சென்று தெரியும். கொழுப்பின் சமிக்ஞையை அணைத்து எடுக்கும் படத்தில் மறைந்துவிடும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் கட்டி கொழுப்புதானா என்பது விளங்கும். கட்டிக்குள் 2 மில்லிமீட்டருக்கு மேல் தடித்த சுவர்களோ, கொழுப்பில்லாத முடிச்சுகளோ தெரிந்தால் அறுவை சிகிச்சை நிபுணர் எச்சரிக்கையாகிவிடுவார். அவை சாதாரண லைப்போமாவின் குணம் இல்லை.

ஊசி குத்திப் பார்க்கலாம்னு சொல்றாங்க. குத்தினா பரவிடும்னு சொல்றாங்களே?

மெல்லிய ஊசி வைத்துச் சில செல்களை உறிஞ்சிப் பார்ப்பதால் கொழுப்புக் கட்டி பரவாது. இந்தப் பயத்தை விட்டுவிடுங்கள். வேறொரு குறை அந்தச் சோதனைக்கு இருக்கிறது: வந்தது கட்டியின் கொழுப்பா, கட்டிக்குப் பக்கத்தில் இயல்பாக இருக்கும் கொழுப்பா என்பதைச் செல்களை மட்டும் பார்த்துச் சொல்வது கடினம். கன்னத்தில் இயல்பாகவே கொழுப்புத் திண்டு இருக்கிறது அல்லவா? ஆகவே சிறிய கட்டிகளுக்கு ஊசிச் சோதனையால் பெரிய லாபமில்லை. முழுவதையும் எடுத்து அதையே சோதிப்பதுதான் வழக்கம். சோதனையும் சிகிச்சையும் ஒரே அமர்வில் முடிந்துவிடும். மிகப் பெரிய கட்டி, அல்லது ஸ்கேனில் சந்தேகம் வந்த கட்டி என்றால் மட்டும் முதலில் ஒரு சிறு துண்டு எடுத்துப் பார்ப்பார்கள்.

மாத்திரை, ஊசி ஏதாவது போட்டுக் கரைக்க முடியாதா? கத்தி வேண்டாம்னு பார்க்கிறேன்.

மாத்திரை எதுவும் கிடையாது. கொழுப்பைக் கரைக்கும் ஊசிகள் தாடைக்குக் கீழ் அழகுக்காகப் போடப்படுகின்றன. வாய்க்குள் நரம்பும் உமிழ்நீர்க் குழாயும் நெருங்கிக் கிடக்கும் இடத்தில் அதைப் போட்டுப் பார்ப்பதை நான் ஏற்கமாட்டேன். உறிஞ்சி எடுப்பதிலும் கட்டியின் உறை உள்ளேயே தங்கிவிடும். எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம், கரைத்துவிட்டால் ஆய்வுக்கு அனுப்ப எதுவும் மிஞ்சாது.

எடுக்காம விட்டுட்டா என்ன ஆகும்?

பெரும்பாலும் மெதுவாக வளரும். பிறகு பல்லில் மாட்டிக் கடிபட ஆரம்பிக்கும்; மேல்தோல் வெளுத்துத் தடிக்கும், சில நேரம் புண்ணாகும். நாக்கில் வந்தால் பேச்சு குழறலாம், வாயின் தளத்தில் வந்தால் நாக்கை மேலே தள்ளும், ஈறுப் பள்ளத்தில் வந்தால் பல்செட் உட்காராது. சிறியதாக இருக்கும்போது எடுப்பது எளிது, பெரிதான பிறகு வெட்டும் பெரிது.

வயது மிகவும் முதிர்ந்தவர், கடுமையான உடல்நலக் குறைவு உள்ளவர், கர்ப்பிணி ஆகியோருக்குக் காத்திருப்பது நியாயம்தான். அப்போது அளவை எழுதி வைத்து, சில மாதங்களுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். திடீரென வேகமாக வளர்ந்தாலோ, கெட்டியானாலோ, நகராமல் ஒட்டிக்கொண்டாலோ, மரத்துப்போனாலோ, தானாகவே ரத்தம் கசிந்தாலோ அடுத்த தேதிக்குக் காத்திருக்கக்கூடாது.

முழு மயக்கம் கொடுப்பாங்களா?

பெரும்பாலானவர்களுக்கு மரத்துப்போகும் ஊசியே போதும். பல் பிடுங்கும்போது போடும் அதே மருந்துதான்: 2 சதவீத லிக்னோகெயின், கூடவே ரத்தக்கசிவைக் குறைக்கச் சிறிதளவு அட்ரினலின். மருந்தைக் கட்டிக்குள் செலுத்தமாட்டார்கள், சுற்றிலும் போடுவார்கள். உள்ளே போட்டால் கட்டியின் வடிவம் மாறி எல்லை தெரியாமல் போய்விடும். நாக்கின் ஆழத்தில் இருப்பது, வாயின் தளத்தில் பெரிதாக இருப்பது, சிறு குழந்தைகள், பயத்தில் வாயே திறக்க முடியாதவர்கள் ஆகியோருக்கு முழு மயக்கம் நல்லது.

ஆப்பரேஷன்ல என்னதான் செய்வாங்க? கொஞ்சம் விவரமாச் சொல்லுங்க.

மரத்துப்போன பிறகு கட்டியின் மேல் உள்ள சவ்வை மட்டும் கீறுவார்கள். ஆழமாக வெட்டினால் உறையும் சேர்ந்து கிழியும் என்பதால் இந்தக் கீறல் மெதுவாகப் போகும். சவ்வு விலகியதும் பளபளவென்று மஞ்சள் கட்டி எட்டிப் பார்க்கும். அதற்குப் பிறகு கத்திக்கு அதிக வேலை இல்லை. மழுங்கிய முனையுள்ள கத்தரியையோ ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ் என்ற இடுக்கியையோ உள்ளே விட்டு விரித்து விரித்து, கட்டிக்கும் சுற்றுத் திசுவுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியைப் பிரித்துக்கொண்டே போவார்கள். நல்ல உறையுள்ள லைப்போமா என்றால் ஒரு கட்டத்தில் முழுசாக வெளியே வந்துவிடும். காம்பில் தொங்குவது இன்னும் சுலபம். அடியில் கண் வடிவத்தில் வெட்டி எடுத்துவிடலாம்.

தசைநார்களுக்கு நடுவே ஊடுருவி வளர்ந்த வகை மட்டும் இப்படி வராது. அதற்கு உறையே இருக்காது. எங்கே கட்டி முடிகிறது, எங்கே தசை தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. அதைச் சுற்றி உள்ள தசையில் கொஞ்சத்தையும் சேர்த்தே எடுக்க வேண்டும். நாக்கில் இந்த வகை வரும்போது, எவ்வளவு எடுப்பது, பேச்சுக்கு எவ்வளவு விட்டுவைப்பது என்பது உண்மையிலேயே கஷ்டமான கணக்கு.

கட்டி வந்ததும் ரத்தக்கசிவை நிறுத்தி, குழி பெரிதாக இருந்தால் உள்ளே ஒரு அடுக்குத் தையல், மேலே ஒரு அடுக்குத் தையல் போடுவார்கள். உள்ளே வெற்றிடம் விட்டால் ரத்தம் தேங்கி வீங்கும். சிறிய கட்டி என்றால் எல்லாம் சேர்ந்து அரைமணி நேரத்தில் முடிந்துவிடும். வலி தெரியக்கூடாது, இழுப்பதும் அழுத்துவதும் தெரியும். வலித்தால் கையைத் தூக்குங்கள், இன்னும் மருந்து போடுவார்கள்.

லேசர்ல எடுத்தா ரத்தமே வராதாமே? அதுதான் நல்லதா?

டயோடு லேசர், கார்பன் டை ஆக்சைடு லேசர் இரண்டிலும் ரத்தக்கசிவு குறைவுதான். சிறிய கட்டிக்குத் தையலே இல்லாமல்கூட விட்டுவிடலாம். ஆனால் வெப்பத்தால் வெட்டப்பட்ட ஓரம் கருகும். கருகிய ஓரத்தை நுண்ணோக்கியில் படிப்பது சிரமம். கத்தியால் எடுத்தாலும் லேசரால் எடுத்தாலும் திரும்ப வருவதும் வராததும் முழுசாக எடுத்ததைப் பொறுத்தது. உங்கள் மருத்துவர் கை எதில் பழகியிருக்கிறதோ அதை அவர் தேர்ந்தெடுக்கட்டும்.

வாய் கோணிடுமா? மரத்துப்போன மாதிரியே இருந்துடுமா?

இடத்தைப் பொறுத்துத்தான் இதற்குப் பதில் சொல்ல முடியும். கன்னத்தில் மேலோட்டமான கட்டி என்றால் வாய் கோணாது. முகத்தை அசைக்கும் நரம்பின் கிளைகள் அதைவிட ஆழத்தில் போகின்றன. கன்னத்தில் கவனிக்க வேண்டியது, மேல் இரண்டாம் கடைவாய்ப் பல்லுக்கு நேரே திறக்கும் உமிழ்நீர்க் குழாய். அதற்குப் பக்கத்தில் கட்டி இருந்தால் குழாய்க்குள் மெல்லிய கம்பியை விட்டு, அது எங்கே போகிறது என்று தெரிந்துகொண்டே வெட்டுவார்கள்.

கீழ் உதட்டுப் பள்ளத்தில், முன்கடைவாய்ப் பற்களுக்கு நேரே மென்டல் நரம்பு வெளியே வருகிறது. அது இழுபட்டால் உதடும் தாடை முனையும் மரத்துப்போகும். வாயின் தளத்தில் நாக்கு நரம்பும் இன்னொரு உமிழ்நீர்க் குழாயும் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு போகின்றன. அங்கே வேலை செய்வதற்குப் பொறுமை வேண்டும். இழுபட்ட நரம்பு பெரும்பாலும் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் தேறிவிடும். துண்டிக்கப்பட்டால் தேறுவது உறுதியில்லை. ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போடும் முன், 'என் கட்டிக்குப் பக்கத்தில் எந்த நரம்பு இருக்கிறது?' என்று கேளுங்கள்.

வெளியில தழும்பு தெரியுமா?

தெரியாது. வெட்டு வாய்க்குள்ளேயே இருக்கும்.

ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறேன். சர்க்கரையும் இருக்கு. ரெண்டு நாளைக்கு மாத்திரையை நிறுத்திட்டு வரட்டுமா?

நீங்களாக நிறுத்தவே கூடாது. இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தவரோ செயற்கை வால்வு வைத்தவரோ மாத்திரையை நிறுத்தினால் வரக்கூடிய ஆபத்து, வாயில் கொஞ்சம் ரத்தம் கசிவதைவிடப் பல மடங்கு பெரியது. ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் போன்றவற்றைச் சிறிய வாய் அறுவைக்கு வழக்கமாக நிறுத்துவதில்லை. அழுத்தமும் தையலும் போதும். வார்ஃபரின் என்றால், ரத்தம் உறைவது எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். சோதனையைப் பார்த்து முடிவெடுப்பார்கள். எதுவானாலும், மருந்தை எழுதிக்கொடுத்தவரும் அறுவை செய்பவரும் பேசி முடிவு செய்ய வேண்டியது அது.

சர்க்கரை கட்டுக்குள் இருந்தால் தடையில்லை. காலையில் வழக்கம்போல் சாப்பிட்டு, மருந்தும் போட்டுக்கொண்டு வாருங்கள். மரத்துப்போகும் ஊசிக்கு வெறும் வயிறு தேவையில்லை. முழு மயக்கத்துக்கு மட்டும் அவர்கள் சொல்லும் நேரத்திலிருந்து எதுவும் சாப்பிடக்கூடாது.

முடிஞ்சதும் எப்போ சாப்பிடலாம்? வாயைக் கொப்பளிக்கலாமா?

வைத்த பஞ்சை அரைமணி நேரம் அழுத்திப் பிடித்திருங்கள். மரத்தது போகும்வரை சாப்பிட வேண்டாம், உதட்டையோ நாக்கையோ கடித்துக்கொள்வீர்கள். முதல் நாள் ஆறிய, மென்மையான உணவு. வெளியே கன்னத்தில் துணியில் சுற்றிய ஐஸை வைத்து வைத்து எடுக்கலாம். முதல் 24 மணி நேரம் கொப்பளிக்காதீர்கள், துப்பாதீர்கள், உறிஞ்சுகுழாய் போட்டு உறிஞ்சாதீர்கள். உறைந்த ரத்தம் பெயர்ந்துவிடும். மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரோ எழுதிக்கொடுத்த குளோரெக்சிடின் மவுத்வாஷோ போதும். மற்ற பற்களை வழக்கம்போல் துலக்குங்கள். புகையிலை எந்த வடிவிலும் வேண்டாம், ஆறுவதைக் கெடுக்கும்.

ரத்தம் கசிந்தால் சுத்தமான பஞ்சைச் சுருட்டி வைத்து 20 நிமிடம் எடுத்துப் பார்க்காமல் அழுத்துங்கள். நாக்கிலோ வாயின் தளத்திலோ அறுவை நடந்திருந்து, அடிநாக்கு வீங்கி மேலெழும்பினால், விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமானால், போன் பண்ணிக் கேட்டுக்கொண்டிருக்காமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

தையல் போட்ட இடம் வெள்ளையா இருக்கு. சீழ் வச்சிடுச்சா?

இரண்டாம், மூன்றாம் நாளில் வரும் அந்த வெள்ளைப் படலம் பெரும்பாலும் சீழ் இல்லை. எப்போதும் ஈரமாக இருக்கும் வாயில் கருத்த பொருக்கு கட்டாது. ஃபைப்ரின் என்ற புரதம் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ மூடும். சுரண்டி எடுக்காதீர்கள். நாளாக ஆக வலியும் வீக்கமும் கூடிக்கொண்டே போனால், காய்ச்சல் அடித்தால், கெட்ட நாற்றத்தோடு ஏதாவது வடிந்தால் காட்டுங்கள். தானாகக் கரையும் நூல் இரண்டு, மூன்று வாரங்களில் உதிர்ந்துவிடும். மற்ற நூலை ஒரு வாரம் கழித்துப் பிரிப்பார்கள்.

எடுத்ததும் டாக்டரே 'வெறும் கொழுப்புதான்'னு காட்டினார். அதுக்கப்புறமும் டெஸ்டுக்கு அனுப்பணுமா? வீண் செலவுதானே?

அனுப்பியே ஆக வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். எடுத்த கட்டி குப்பைத் தொட்டிக்குப் போனால், அது என்ன என்பதற்கான ஒரே சாட்சி போய்விடுகிறது. பின்னால் அதே இடத்தில் இன்னொன்று வந்தால், முதலில் எடுத்தது என்ன என்று யாராலும் சொல்ல முடியாது.

கட்டியை 10 சதவீத ஃபார்மலினில், அதன் அளவைப்போல் குறைந்தது பத்து மடங்கு திரவத்தில் போட வேண்டும். அதில் போட்டதும் கொழுப்பு மிதக்கும். மிதக்கிறது என்று பார்த்துச் சந்தோஷப்படலாம், கொழுப்பு என்பதற்கு அது நல்ல அடையாளம். ஆனால் லைப்போசார்கோமாவிலும் கொழுப்பு இருக்கிறது, அதுவும் மிதக்கக்கூடும். கண்ணுக்குத் தெரிந்த மஞ்சளும், விரலில் நழுவியதும், பாட்டிலில் மிதந்ததும் ஒன்றுசேர்ந்தாலும் நுண்ணோக்கி தரும் பதிலுக்கு ஈடாகாது. பாட்டிலில் உங்கள் பெயரும் எடுத்த இடமும் எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ரிப்போர்ட்டின் நகலை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

ரிப்போர்ட்ல 'ஃபைப்ரோலைப்போமா'ன்னு போட்டிருக்கு. என்கிட்ட லைப்போமான்னுதானே சொன்னாங்க?

இரண்டும் ஒரே குடும்பம். கொழுப்புச் செல்களோடு நார்த்திசு அதிகம் கலந்திருந்தால் ஃபைப்ரோலைப்போமா; தொட்டால் சற்றுக் கெட்டியாக இருந்திருக்கும். ரத்தக்குழாய்கள் அதிகமிருந்தால் ஆஞ்சியோலைப்போமா, உமிழ்நீர்ச் சுரப்பித் திசு கலந்திருந்தால் சியாலோலைப்போமா, நூற்கும் கதிர்போல் நீண்டு இரு முனையும் மெலிந்த செல்கள் இருந்தால் ஸ்பிண்டில் செல் லைப்போமா. இவையெல்லாம் தீங்கற்றவையே. 'தசைக்குள் ஊடுருவியது' என்று எழுதியிருந்தால் மட்டும், ஓரம் வரை முழுசாக வந்துவிட்டதா என்று கேளுங்கள்.

'எம்.டி.எம்.2 டெஸ்ட் செய்யவும்'னு எழுதியிருக்காங்க. பயமா இருக்கு.

நோய்க்குறியியல் மருத்துவருக்குச் சில செல்களின் உருவத்தில் சந்தேகம் வந்திருக்கிறது, அதை உறுதிசெய்யக் கேட்கிறார் என்பதே இதன் பொருள். எம்.டி.எம்.2 என்பது ஒரு மரபணு. நன்கு முதிர்ந்த லைப்போசார்கோமாவில் அது பல மடங்கு பெருகியிருக்கும். சாதாரண லைப்போமாவில் பெருகாது. ஏற்கெனவே எடுத்த துண்டிலேயே இந்தச் சோதனையைச் செய்துவிடலாம், மறுபடி வெட்ட வேண்டியதில்லை.

பெருகியிருக்கிறது என்று வந்தால்கூட உடனே இடிந்துபோக வேண்டாம். இந்த வகை பெரும்பாலும் அதே இடத்தில் திரும்ப வருவதுதான் பிரச்சினை. இந்த நிலையில் உடம்பின் மற்ற இடங்களுக்குப் போவது மிக அரிது. இன்னும் கொஞ்சம் அகலமாக எடுத்து, பல ஆண்டுகள் தொடர்ந்து பார்ப்பார்கள். இந்தக் கட்டத்தில் புற்றுநோய் அறுவை நிபுணரிடம் போவது நல்லது.

எடுத்த பிறகு திரும்ப வருமா?

உறையோடு முழுசாக வந்த லைப்போமா திரும்ப வருவது அபூர்வம். மேலே சொன்ன ஊடுருவும் வகைதான் மிச்சம் வைத்துவிட்டு மறுபடி தலைகாட்டும். ஆறு மாதத்திலும் ஓராண்டிலும் ஒருமுறை காட்டுங்கள்.

எனக்கு உடம்பு முழுக்க இந்த மாதிரி இருக்கு. வாயிலயும் வந்தா வேற ஏதாவது நோயா?

குடும்பத்தில் பலருக்குப் பல கட்டிகள் இருந்தால் அது பரம்பரையாக வரும் பல்கட்டி நிலையாக இருக்கலாம். முன்னே மரபணு பற்றிச் சொன்னது ஒற்றைக் கட்டிக்கு; இதற்கு அது பொருந்தாது. கௌடன் நோய்க்குறி, கார்டனர் நோய்க்குறி போன்ற பரம்பரை நோய்களிலும் லைப்போமாக்கள் வரும். கௌடனில் மார்பகம், தைராய்டு ஆகியவற்றையும், கார்டனரில் பெருங்குடலையும் பார்த்தாக வேண்டும், அங்கே புற்றுநோய் வாய்ப்பு அதிகம். நாக்கின் இரு பக்கமும் சமமாகக் கொழுப்பு பெருத்திருந்தால், கழுத்தையும் தோளையும் பார்த்துவிட்டு மதுப் பழக்கம் பற்றி மருத்துவர் கேட்பார். மேடலுங் நோய் என்ற கொழுப்புப் பெருக்கம் நீண்டகால மதுப் பழக்கத்தோடு தொடர்புடையது. மறைக்காமல் சொல்லுங்கள்.

என் பையனுக்கு ரெண்டு வயசு. பென்சிலை வாயில வச்சுக்கிட்டு விழுந்தான். மறுநாள் கன்னத்துக்குள்ள மஞ்சளா ஒரு கட்டி தொங்குது. இதுவும் லைப்போமாவா?

அநேகமாக இல்லை. இந்த வயதில் லைப்போமா அரிது, ஒரே நாளில் வளரவும் வளராது. கூர்மையான பொருள் கன்னத்தின் உட்சவ்வையும் தசையையும் கிழித்தால், ஆழத்தில் இருக்கும் கொழுப்புத் திண்டு அந்த ஓட்டை வழியாக வாய்க்குள் பிதுங்கி வரும். சிறு குழந்தைகளுக்கு அந்தத் திண்டு பெரிது என்பதால் இது பெரும்பாலும் அவர்களுக்கே நடக்கிறது. முதல் நாளில் மஞ்சளாகவும், பிறகு வீங்கிச் சிவந்தும் தெரியும்.

இழுத்துப் பார்க்காதீர்கள், விரலால் உள்ளே தள்ளவும் முயலாதீர்கள். அன்றே கொண்டுபோய்க் காட்டுங்கள். சீக்கிரம் வந்தால் சிறிய பிதுக்கத்தை உள்ளே வைத்துத் தைத்துவிட முடியும். நேரம் கடந்து திசு அழுகத் தொடங்கினால் பிதுங்கியதை வெட்டிவிட்டுத் தைப்பார்கள். பென்சில் முனை உடைந்து உள்ளே தங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பதால், அந்தப் பென்சிலையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.